பிங்க் அட்டையும் பத்தொன்பது பாட்டும்

சூரியனைப் பற்றிய ஒரு பாட்டில்தான் இது ஆரம்பித்தது. 2014 கோடையில் அப்பா நாகர்கோவிலிலிருந்து அமெரிக்காவுக்கு, நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனுக்கு வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஊர் நூலகத்திலிருந்து ‘ஹியர் கம்ஸ் சயன்ஸ்’ என்ற குழந்தைகள் சிடி ஒன்றை எடுத்து வந்திருந்தோம். அதில் ஒரு பாட்டு, சூரியன் என்பது ஒளிரும் வாயுக்களின் பெருந்திரள் என்கிறது. அது 1959ல் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட பழைய அறிவியல் பாட்டு. அது முடிந்ததும் அடுத்த பாட்டு வருகிறது: இப்போது சொன்னது சரியில்லை, சூரியன் வாயு இல்லை, பிளாஸ்மா.

அப்பா முப்பத்தோரு வருடம் பள்ளியில் பௌதிகம் எடுத்தவர். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து இரண்டு பாட்டையும் மறுபடி போடச் சொன்னார். “மக்ளே, இந்தப் பயலுவ யாரு? தப்பா பாடினவனே திருத்தியும் பாடுகான் பாரு. இவன்லா வாத்தியாரு” என்றார்.

அந்தப் பயலுவ யார் என்று தேடிப் போனேன். தே மைட் பி ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு. ஜான் ஃபிளான்ஸ்பர்க், ஜான் லின்னல் என்று இரண்டு ஜான்கள். குழந்தைகளுக்குப் பாட ஆரம்பித்ததெல்லாம் பின்னால்தான். அதற்கு இருபது வருடம் முன்பே அவர்களுக்கு வேறொரு வாழ்க்கை இருந்திருக்கிறது. 1986 நவம்பரில் வந்த முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயரே தலைப்பு. அட்டையில் இளஞ்சிவப்பு அதிகம் என்பதால் ரசிகர்கள் அதைப் ‘பிங்க் ஆல்பம்’ என்பார்கள். பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்சில் பழைய சிடிகள் அடுக்கிய பெட்டியில் நான்கு டாலருக்கு எனக்கு அது கிடைத்தது. அட்டையின் கார்ட்டூனை வரைந்தவர் ராட்னி ஆலன் கிரீன்பிளாட். மகள் முதலில் பிடுங்கிக்கொண்டது அந்த அட்டையைத்தான். இன்றுவரை ஒரு மூலையில் அவள் பல் தடம் இருக்கிறது.

இந்த ஆல்பத்தைப் பற்றி நான்கைந்து வருடமாக எழுத நினைத்துக்கொண்டே இருக்கிறேன். யாரிடம் பேசினாலும் “ஓ, அந்தக் காமெடி பேண்ட்தானே” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. இந்தப் பாட்டுகளில் சிரிப்பு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு எதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸில் லிங்கன் என்ற ஊரில் வளர்ந்து, ஒரே உயர்நிலைப் பள்ளியில் பழகியவர்கள். 1981ல் ப்ரூக்ளினில் ஒரே கட்டடத்துக்கு ஒரே நாளில் குடிவந்தார்கள். ஃபிளான்ஸ்பர்க் கிதார், லின்னல் அக்கார்டியனும் (மார்பில் மாட்டிக்கொண்டு துருத்தியை இழுத்து வாசிப்பது) கீபோர்டும் சாக்ஸஃபோனும். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, பேஸ் கிதாருக்கும் கிடையாது. டிரம் மெஷினில் தாளம் அமைத்து டேப்பில் பதிந்துகொண்டு, மேடையில் அந்த டேப்பை ஓடவிட்டு இருவரும் முன்னால் நின்று பாடுவார்கள். ஈஸ்ட் வில்லேஜின் சின்னச் சின்ன கிளப்புகளில் அப்படித்தான் தொடங்கியது.

அப்புறம் இரண்டு கெட்ட காரியம் நடந்தது. சைக்கிளில் கூரியர் வேலை பார்த்த லின்னல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஃபிளான்ஸ்பர்க் வீட்டில் திருட்டுப் போனது. மேடை ஏற முடியாத நிலை. அப்போது பிறந்ததுதான் ‘டயல் எ சாங்’. வீட்டுத் தொலைபேசியில் ஓர் ஆன்சரிங் மெஷின், அதில் ஒரு பாட்டு. வாரப் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தார்கள். அந்த எண்ணை அழைத்தால் மெஷின் எடுக்கும், பாட்டு ஓடும், அவ்வளவுதான். பாட்டை அடிக்கடி மாற்றுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும், மற்றவர்களுக்கு லைன் பிஸி. மெஷின் அடிக்கடி பழுதாகும். ஆபீசிலிருந்து கூப்பிட்டால் இலவசம் என்பது அவர்கள் விளம்பர வாசகம்.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த மெஷினைப் பற்றித்தான். பாட்டு ஒரு காதுக்குள் மட்டும் போகிறது. கூட்டம் கிடையாது, கைதட்டல் கிடையாது. கேட்பவர் எந்த நொடியிலும் ரிசீவரை வைத்துவிடலாம். தொலைபேசிக் குழாய்க்குள் பேஸ் ஒலி எடுபடாது, நீளமான பாட்டுக்குப் பொறுமை இருக்காது. அதனால் மெட்டு உடனே பிடிக்க வேண்டும், சொல் தெளிவாக விழ வேண்டும், சொல்ல வந்தது முடிந்ததும் பாட்டு நின்றுவிட வேண்டும். பிங்க் ஆல்பத்தில் பத்தொன்பது பாட்டும் சேர்ந்து சுமார் முப்பத்தெட்டு நிமிடம் என்றால் அதற்குக் காரணம் அந்த மெஷின்தான் என்று நான் நம்புகிறேன். ‘டாட்லர் ஹைவே’ அரை நிமிடம்கூட இல்லை. ‘நம்பர் த்ரீ’ ஒன்றரை நிமிடம்: எனக்குள் இருந்ததே இரண்டு பாட்டுதான், இதோ மூன்றாவதையும் எழுதிவிட்டேன் என்று ஒருவன் நாட்டுப்புற மெட்டில் திகைத்து நிற்கிறான். ஆல்பத்தில் அது மூன்றாவது பாட்டு.

அந்த மெஷினில் ஒரு தடவை இரண்டு பேர் ஒரே லைனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடுவது தெரியாமல் அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் இவர்கள், எதற்கு இப்படிப் பாடி வைக்கிறார்கள், இதில் காசு எப்படி வரும் என்று அவர்களில் ஒரு பெண் உண்மையான அக்கறையோடு கேட்கிறார். பின்னாளில் ஒரு தொகுப்பில் அந்தப் பேச்சையும் சேர்த்து வெளியிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடிக்கும்.

1985ல் அவர்கள் கைப்பட விற்றுக்கொண்டிருந்த கேசட்டுக்கு பீப்பிள் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. அதுவரை எந்த கம்பெனியிலும் இல்லாத இரண்டு பேருக்கு அது பெரிய விஷயம். அடுத்து ஹோபோக்கனில் அப்போதுதான் தொடங்கியிருந்த பார்/நன் என்ற சிறிய கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. ஒலிப்பதிவை நடத்தியவர் பில் கிராஸ். ஹோபோக்கன் எங்கள் பக்கம்தான். ரயிலில் அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம், பெரிய ராக் கம்பெனிகள் பலவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் இருக்க, இது இந்தக் கரையில் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாளில் ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற பெயரே சரியாக ஒட்டவில்லை. கல்லூரி வானொலி நிலையங்களில் மாணவர்கள் போட்ட பாட்டுக்குக் ‘காலேஜ் ராக்’ என்று பெயர். ஆர்.ஈ.எம்., ரீப்ளேஸ்மென்ட்ஸ், ஹஸ்கர் டூ எல்லாம் கிதார் குழுக்கள். அந்தக் கூட்டத்தில் அக்கார்டியனோடு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒரு பாட்டு போல்கா என்ற துள்ளல் நடன மெட்டு மாதிரி, அடுத்தது கன்ட்ரி, அதற்கடுத்தது குடிகாரப் புலம்பல், ஒன்று தாலாட்டு மாதிரி ஆரம்பித்துப் பேய்க்கதையாகிவிடும். ஒரே ஆல்பத்தில் ஒரே மாதிரி இரண்டு பாட்டு கிடையாது. முதல் முறை கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் தொடவில்லை.

திரும்ப எடுத்தது ஒரு வரிக்காக. ‘புட் யுவர் ஹேண்ட் இன்சைட் த பப்பெட் ஹெட்’ என்று இரண்டாவது பாட்டு. பொம்மையின் தலைக்குள் கையை விடு என்று அர்த்தம். அதில் சுரங்க ரயிலில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பற்றி வருகிறது. அவை முதலாளியைத் திருப்திப்படுத்த யாரோ ஒருவர் செய்த வேலை. அந்த முதலாளி மோசமான ஆள்தான், ஆனால் அவனும் வேறு யாரையோ திருப்திப்படுத்தத்தான் அலைகிறான். நான் தினமும் எடிசனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் போய் வருகிறவள். அந்த விளம்பரங்களை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அதை ஒட்டச் சொன்னவனுக்கும் ஒரு பயம் இருக்கும் என்று தோன்றியதில்லை. துள்ளிக் குதிக்கும் ஒரு மெட்டில், கேட்பவர் கவனிக்காமலே போய்விடக்கூடிய இடத்தில் அந்த இரக்கத்தை வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நான் ஒவ்வொரு பாட்டையும் மெதுவாகக் கேட்டேன்.

‘ரேபிட் சைல்ட்’ என்றால் வெறி பிடித்த குழந்தை. ஏதோ குறும்புப் பாட்டு என்று நினைத்தேன். வீட்டில் தனியாக இருக்கிற ஒரு பிள்ளை, லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த வழியாகப் போகும் லாரிக்காரர்கள் தங்கள் பட்டப்பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதில் எங்கே காமெடி?

‘யூத் கல்ச்சர் கில்டு மை டாக்’ பாட்டில் ஒருவனின் நாய் செத்துப்போகிறது. பேக்கரக்கும் டேவிட்டும் எழுதிய இனிய பழைய பாட்டுகளைக் கேட்டுப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடிய நாய், புது இசை வந்து அதன் புத்தியைக் கலக்கிவிட்டது என்று அவன் சொல்கிறான். சிரிப்பு வரும். ஆனால் நாய் செத்தவன் ஒரு காரணம் தேடுகிறான், யார்மேலாவது பழி போட்டால்தான் மூச்சு விட முடியும் என்ற நிலையில் இருக்கிறான் என்பது இரண்டாம் முறை கேட்கும்போதுதான் தெரிகிறது.

‘ஷீ ஈஸ் அன் ஏஞ்சல்’ எனக்கு ஆல்பத்திலேயே மிகப் பிடித்த பாட்டு. நாய்க் கண்காட்சியில் ஒருவளைப் பார்க்கிறான். அவள் தேவதையோ என்று சந்தேகம். தேவதையின் பின்னால் போவதென்றால் மாடியிலிருந்து குதித்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறான். காதலைப் பற்றி இவ்வளவு நேர்மையான கேள்வியை நான் வேறு பாட்டில் கேட்டதில்லை. நம்மைப் பிடிப்பாளா என்று தெரிந்துகொள்ள விழுந்துதான் பார்க்க வேண்டும்.

‘த டே’ ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது. மார்வின் கே, ஃபில் ஓக்ஸ் என்ற இரண்டு பாடகர்களும் கல்யாணம் செய்துகொண்ட நாளில் மரங்கள் கையசைத்தன, விமானங்கள் குண்டுக்குப் பதில் மெத்தென்ற தலையணைகளைப் பொழிந்தன. அது மட்டும்தான் பாட்டு. ஃபில் ஓக்ஸ் வியட்நாம் போருக்கு எதிராகப் பாடியவர், 1976ல் தற்கொலை செய்துகொண்டார். மார்வின் கே 1984ல் தன் தகப்பன் கையாலேயே சுடப்பட்டு இறந்தார். ஆல்பம் வருவதற்கு இரண்டே வருடம் முன்னால். இரண்டு மரணங்களையும் சொல்லாமல் அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்து வானத்திலிருந்து தலையணையைப் போட்டிருக்கிறார்கள். இதை வெறும் கிறுக்கு என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன், உட்கார்ந்து வாதாடுவேன்.

சரி, ‘டோன்ட் லெட்ஸ் ஸ்டார்ட்’டுக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் பிரபலமானது இதுதான். எம்டிவியில் வீடியோ ஓடி, ப்ரூக்ளின் தாண்டி இவர்களை ஊருக்குத் தெரிய வைத்தது. குயீன்ஸில் ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில், 1964ம் வருட உலகக் கண்காட்சிக்குக் கட்டி அப்புறம் பாழாய்க் கிடந்த நியூயார்க் மாநில மண்டபத்தில் எடுத்தார்கள். இருவரும் அந்தப் பெரிய வெறுமையில் வெட்டி வெட்டி ஆடுவார்கள். மகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போய் வேலிக்கு வெளியே நின்று காட்டினேன். துருப்பிடித்த தூண்களைப் பார்த்துவிட்டு அதே ஆட்டத்தை ஆடிக் காட்டினாள்.

பாட்டின் நடுவில் ‘டோன்ட்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பாடுகிறார்கள். நடுவில் வரும் அந்தச் சின்ன அப்பாஸ்ட்ரஃபி குறியைக்கூட விடுவதில்லை, எனக்கு இது தேவையா என்று அதிலேயே ஒரு கேள்வியும் கோத்துவிடுகிறார்கள். நாம் ஒரு சொல்லைப் பாடும்போது மெய்யெழுத்தின் புள்ளியையும் சேர்த்துப் பாடுகிற மாதிரி. அந்த விளையாட்டில் லயித்திருக்கும்போது, சட்டென்று வேகம் மாறி ஓரிடம் வருகிறது. உலகத்தில் யாருக்கும் ஆசைப்பட்டது கிடைப்பதில்லை, அது அழகு. எல்லோரும் மனக்குறையோடும் சோகத்தோடும்தான் சாகிறார்கள், அதுவும் அழகு.

2017ல் அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் ஏழு மணிக்கு ஆட்டோ வரும். இங்கே அப்போது இரவு ஒன்பதரை. நான் வீட்டுக்குள் போகாமல் காரிலேயே உட்கார்ந்து கூப்பிடுவேன், மகள் முன்னால் அழக்கூடாது என்று. அப்பா ஒரே கேள்விதான் கேட்பார். “மக்ளே, சாப்பிட்டியா?” ஆட்டோ வந்துவிடும். போனை வைத்ததும் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் யார் யாரோ ஆறுதல் சொன்ன காலம் அது. எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள், கடவுள் இருக்கிறார் என்றார்கள். சரியாகாது என்று என்னிடம் நேராகச் சொன்னது இந்தப் பாட்டு மட்டும்தான். அதையும் ஆடிக்கொண்டே சொன்னது. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இன்னொரு பாட்டு ‘ஐ ஹோப் தட் ஐ கெட் ஓல்ட் பிஃபோர் ஐ டை’. 1965ல் த ஹூ குழு பாடிய புகழ்பெற்ற வரி ஒன்று உண்டு: கிழடாவதற்கு முன் செத்துவிட வேண்டும். ராக் இசைக்கே அது தாரக மந்திரம் மாதிரி. இருபது வருடம் கழித்து, இருபத்தைந்து இருபத்தாறு வயதில் இந்த இரண்டு பேர் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு அதைத் திருப்பிப் போடுகிறார்கள்: சாவதற்கு முன் கிழடாகிவிட வேண்டும். ஒருநாள் மண்ணைச் சட்டையாகப் போட்டுக்கொள்ளப் போவதை நினைத்துக்கொள்கிறேன், அதற்கு முன் வயதாகிவிட வேண்டும் என்று ஆசை. முழுக்க முழுக்கக் குதியாட்ட மெட்டு. அந்தப் பாட்டின் அர்த்தத்தை அப்பாவுக்கு ஒருநாள் போனில் சொன்னேன். சிரித்தார். “எழுபத்திரண்டு போதாதாம்மா?” என்றார். எழுபத்து நான்கு வரை இருந்தார். 2019 ஜனவரியில் போனார்.

இதே குழு இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறது. 1988ல் ‘லிங்கன்’, 1990ல் பெரிய கம்பெனியில் ‘ஃபிளட்’, 1992க்கு மேல் மேடையில் நிஜமான டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் வந்தார்கள். ‘ஃபிளட்’தான் உச்சம் என்பார்கள். நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிங்க் ஆல்பத்தில் டிரம் மெஷினின் அந்த ஒல்லியான டக் டக் சத்தத்தில் ஒரு வீடு தெரிகிறது. யாரோ இரண்டு பேர் சமையலறையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று பார்த்துப் பார்த்துச் செய்த மாதிரி. காசு வந்தபிறகு அந்தச் சத்தத்தை வாங்க முடியாது.

கடைசிப் பாட்டு ‘ரிதம் செக்‌ஷன் வான்ட் ஆட்’. டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஆள் தேவை என்ற விளம்பரம். அவர்களைப் பார்த்து ஊரார் கேட்ட கேள்விகளை எல்லாம் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள்: நீங்கள் வேண்டுமென்றேதான் இப்படிப் பாடுகிறீர்களா, யூரித்மிக்ஸ் குழுவின் பாட்டெல்லாம் கேட்பீர்கள்போல. நடுவில் லின்னல் அக்கார்டியனில் ரேமண்ட் ஸ்காட்டின் ‘பவர்ஹவுஸ்’ மெட்டைப் பறக்கவிடுகிறார். கார்ட்டூன்களில் தொழிற்சாலை ஓடும் காட்சிக்கு வருமே, அந்த மெட்டு. அந்த இடம் வரும்போது மகள் ஐந்து வயதில் காரின் பின் சீட்டில் கையை மெஷின் மாதிரி ஆட்டுவாள்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜெர்சி சிட்டியில் அவளுக்குச் சனிக்கிழமை வயலின் வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக, சாலை காலியாக இருந்தால் முப்பத்தெட்டு நிமிடம்தான். போன வாரம் சாலை காலியாக இல்லை. நுவார்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது கடைசிப் பாட்டு முடிந்தது. காரில் இருக்கும் பழைய சிடி பிளேயர் தானாக முதல் பாட்டுக்குத் திரும்பும். ‘எவ்ரிதிங் ரைட் ஈஸ் ராங் அகெய்ன்’ ஆரம்பித்தது. அதில் பாட்டு முடிந்துவிட்டது, பாட்டு முடிந்துவிட்டது என்று அவர்களே பாடும் இடம் ஒன்று உண்டு. மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி அந்த இடத்தைக் கூடவே பாடினாள். அப்புறம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.